ஆபிங்டன் பெரியவர்களுக்கு ஒரு மடல்

ஆபிங்டன் எம்ஜி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு,

உங்கள் ஆலையை 1980 அக்டோபரில் இழுத்து மூடிவிட்டார்கள். உங்களில் பலர் இன்று இல்லை. ஆனாலும் நீங்கள் பூட்டிய எம்ஜிபி ஒன்றை இங்கிலாந்துச் சாலைகளில் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வடிவமைத்த சிட் எனவரைப் புகழ்வார்கள். இன்னும் பின்னால் போய், ஆக்ஸ்போர்டு மோரிஸ் கராஜஸில் எம்ஜிக்கு உயிர் கொடுத்த செசில் கிம்பரைப் புகழ்வார்கள். தகும். என் நன்றி முதலில் உங்களுக்கு. எஞ்சினும் பாடியும் வெளியூர்களிலிருந்து வந்திறங்கும்; தானாக நகரும் லைன் கிடையாது. வண்டியைக் கையால் தள்ளித் தள்ளியே அடுத்த ஆளிடம் சேர்த்தீர்கள். 1962 முதல் வெளிவந்த எம்ஜிபிகள், கூரை போட்ட ஜிடியையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல்.

கையால் பூட்டியதால்தானோ என்னவோ, வீட்டு வாசலில் வைத்தே பிரித்து மாட்டிவிட முடிகிறது. சாவியைத் திருப்பினால் பின்பக்கத்தில் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கிவிடும். சத்தமே வராவிட்டால் ஸ்பேனரால் இரண்டு தட்டு. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1798 சிசி எஞ்சின் அப்படியொன்றும் பாய்ந்துவிடாது. நூறு குதிரைத்திறன்கூடக் கிடையாது. கூரையைக் கழற்றிவிட்டால் ஐம்பது மைல் வேகமே தொண்ணூறாகத் தெரியும், போதும்.

1974இல் வந்த கறுப்பு ரப்பர் பம்பருக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. அதோடு சேர்த்து அமெரிக்கச் சட்டத்துக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டியதில், வளைவுகளில் அது தள்ளாடத் தொடங்கியது. அந்த முடிவு உங்களுடையதல்ல என்று தெரியும்.

1979இல் எம்ஜி ஆபிங்டனுக்கு வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினீர்கள். செப்டம்பரில், கொண்டாட்டம் முடிந்த கையோடு, மூடப்போகும் செய்தியைச் சொன்னது உங்கள் முதலாளி பிரிட்டிஷ் லேலண்ட். அந்த விழாவுக்கென்று உள்ளூர் மோர்லண்ட் ஆலை காய்ச்சிய பீருக்கு, பெயின்ட் தெறித்துப் புள்ளிபுள்ளியாகத் திரிந்த உங்கள் ஆலையின் பழைய வண்டியின் பட்டப்பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்கள்: ஓல்ட் ஸ்பெக்கில்டு ஹென். பீர் இன்றும் கடையில் கிடைக்கிறது.

வண்டியைக் காப்பாற்றுவதுதான் பாடு. கூரையில்லாத வண்டிக்குப் பலமெல்லாம் கதவுக்கடியில் ஓடும் சட்டங்களில்தான். இங்கிலாந்து மழையும் பனிக்குத் தூவும் உப்பும் முதலில் தின்பதும் அவற்றைத்தான். அங்கே துரு ஏறினால் வண்டி போச்சு என்றிருந்த நிலை 1988இல் மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, முழு பாடியையே புதிதாக அடித்துக்கொடுக்கத் தொடங்கியது. அந்த அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் விட்டவர்களுக்கும் இந்த மடலில் பங்குண்டு. என் வண்டிக்கு இடப்பக்கச் சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. பனிக்காலம் முடிவதற்குள் வெல்டிங்கை முடித்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வண்டி ஒன்றின் இப்போதைய சொந்தக்காரன்