நோவு காட்டாத நோய்

பட்டினப்பாக்கத்துக் கடலோரத்தில் கருவாடு காயும் வாடை எங்கள் தெரு வரை வரும். அது இல்லாமல் எங்கள் உம்மாவுக்குச் சோறு இறங்காது. இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையை மட்டும் அடிக்கடி விட்டுவிடுவார்கள். "தலைவலியே இல்லையே வாப்பா, மாத்திரை எதுக்கு?" என்பார்கள். நான் மதரஸாவில் பாடம் சொல்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இதே கேள்வி எழும் இல்லங்களுக்காக, நான் படித்தறிந்ததை எழுதுகிறேன்.

இரத்தக் குழாய் வெறும் குழாயன்று. சுருங்கவும் தளரவும் வல்ல உயிருள்ள உறுப்பு. அதன் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் போர்த்தியிருக்கிறது. முயலின் பெருந்தமனியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஃபர்ச்காட், தளர்வதற்கான கட்டளை அப்படலத்திலிருந்தே பிறக்கக் காண்கிறோம் என 1980-இல் வெளியிட்டார். அக்கட்டளையைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெளிந்தது. 1998-இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர வளரத் தானே அழுத்தம் ஏறும் எலியினத்தை ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் 1963-இல் உருவாக்கினர். உப்புத் தீனியால் அழுத்தம் ஏறும் எலிகளை அமெரிக்காவில் லூயிஸ் டால் பிரித்தெடுத்தார். இத்தகைய எலிகளின் குழாய்கள், தளரச் சொல்லும் அசிட்டைல்கோலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. சுருங்கச் சொல்லும் பொருள்களுக்கோ பல வேளைகளில் மிகையாகவே இணங்குகின்றன. சுவரும் தடிக்கிறது. இத்தனையும் வலியின்றி நடக்கிறது! உம்மாவின் கேள்விக்கு விடை இதுவே. நற்செய்தியும் உண்டு: மருந்தால் அழுத்தத்தைத் தணித்தபோது, பல ஆய்வுகளில் எலிகளின் குழாய்கள் இழந்த இணக்கத்தைப் பெருமளவு மீளப் பெற்றன.

இவ்வறிவில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. ஹகீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் தில்லி திப்பியா கல்லூரியில் ஆய்வு தொடங்கிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ, சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931-இல் சில மருந்துப் பொருள்களைப் பிரித்து, ஒன்றுக்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார். அவ்வேர் அழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் உலகறியச் செய்தார்.

வாயில்லா ஜீவன்களை வதைக்கலாகாது என்பது நம் மார்க்கம். மனிதருக்காக அவை கொடுத்த உயிர் வீணாகலாமா? நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சகோதரிகளே, ஊறுகாயையும் கருவாட்டையும் அளவோடு வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்பு மாதம் வருமுன், அதை ஸஹரிலா இஃப்தாரிலா உண்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடல் இறைவன் தந்த அமானிதம்.