பிஸ்கட் டின்னில் இருந்த ஆயா

இன்னிக்கு கோயில் அறிவிப்பு எதுவும் இல்ல. எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

போன மாசம் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சோம். ஹால்ல ஒரு சுவர் முழுக்க பழைய கருப்பு வெள்ளை படமா மாட்டணும்னு மகளுக்கு ஆசை. ஆன்லைன்ல ஃபிரேமோட நாலு படம் வாங்கினா. ஒண்ணுல வெள்ளைக்கார கல்யாண ஜோடி. "யாரும்மா இவங்க?"ன்னு கேட்டேன். "தெரியாதுப்பா, சும்மா அழகுக்குத்தான்"னு சொன்னா.

எனக்குக் கோபம் வரல, வெட்கமா இருந்துச்சு. எங்க வீட்டுப் படமெல்லாம் அலமாரி மேல பிஸ்கட் டின்னுல கிடக்குது. அப்பா போனதுக்கு அப்புறம் நான் அதைத் திறக்கவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி திறந்தோம். தாத்தாவோட சின்னப் படம் ஒண்ணு. 1948-ல அவசரகாலம் வந்தப்போ, 12 வயசுக்கு மேல எல்லாரும் படம் ஒட்டின ஐசி வச்சிருக்கணும்னு சட்டம் போட்டாங்க. அதுக்காக எடுத்தது. தாத்தா வாழ்க்கையில முதல் போட்டோ அதுதான். அப்புறம் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுல எடுத்த படம். பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க, நடுவுல கைக்குழந்தையோட எங்க ஆயா. எங்களை வளர்த்தவங்க.

மகள் கேட்டா, "ஆயா பேரு என்னப்பா?" சொன்னேன். "மத்தவங்க?" தெரியல.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டு, படத்தை எடுத்துக்கிட்டு குளுவாங்ல இருக்கிற அத்தையைப் பார்க்கப் போனோம். அத்தைக்கு 89 வயசு. படத்தைக் கண்ணுகிட்ட வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒவ்வொருத்தரா பேர் சொன்னாங்க, மகள் எழுதிக்கிட்டா. ஆயா மேல விரலை வச்சு, "இது எங்க சின்னம்மா"ன்னாங்க.

"ஆயா தானே அத்தை?"

"உங்களுக்கு ஆயா தான்யா. எங்களைப் பெத்தவ வேற. ஜப்பான்காரன் காலத்துல தாத்தாவை சயாம் ரயில் போட கொண்டு போயிட்டான். அம்மா காய்ச்சல்ல போயிட்டா. உங்கப்பனுக்கு அப்ப மூணு வயசு. தாத்தா உசிரோட திரும்பி வந்து, அம்மாவோட தங்கச்சியைக் கட்டிக்கிட்டாரு. அம்மாவுக்குப் போட்டோ எல்லாம் ஏது?"

பெத்த பாட்டியோட பேரையும் சொன்னாங்க. என் 55 வயசுல முதல் முறையா அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.

ஆடி அமாவாசைக்கு நான் கோயில் கவுண்டர்ல உட்கார்ந்து அர்ச்சனைக்குப் பேர் எழுதுறவன். "தாத்தா பேர் தெரியலண்ணே"ன்னு யாராவது தலையைச் சொறிஞ்சா மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். அம்மா என்னை மன்னிக்கணும். இனிமே ரெண்டு பேர் பேரையும் சொல்லுவேன். பெத்தவங்களும் பாட்டி, வளர்த்தவங்களும் பாட்டி.

வாங்கின ஃபிரேம்லயே இப்ப எங்க படங்கள் இருக்கு. சாமி அறையில முன்னோர் படத்தைச் சேர்க்க மாட்டோம். ஹால்ல தெற்குச் சுவர்ல மாட்டினோம், ஒவ்வொண்ணுக்கும் கீழ பேர். படம் இல்லாத பாட்டிக்கு மகளே பேரை மட்டும் அழகா எழுதி ஃபிரேம் போட்டா.

உங்க வீட்டுலயும் டின்னு இருக்கும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்:

• அசல் படத்தை மாட்டாதீங்க. ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு அதை மாட்டுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அசல் படம் கண்ணாடியில ஒட்டிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். உரிச்சா முகமே போயிடும்.
• அசலை வெயில் படாத, காய்ஞ்ச இடத்துல வைங்க. கருப்பு வெள்ளை படம் வெள்ளியில ஆனது. ஒழுங்கா வச்சா நம்ம கலர் படத்தைவிட அதிக நாள் நிக்கும்.
• பின்னாடி பேரைப் பென்சில்ல மெதுவா எழுதுங்க. பேனா மை ஊறி முன்பக்கம் வந்துடும்.

எல்லாத்துக்கும் முன்னாடி, வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட படத்தைக் காட்டி யார் யாருன்னு கேளுங்க. படம் காத்திருக்கும், அவங்க காத்திருக்க மாட்டாங்க.

அடுத்த அமாவாசைக்கு வரும்போது பேரை எழுதி எடுத்துட்டு வாங்க. கவுண்டர்ல நான் இருப்பேன்.

தாயே துணை.