ஐந்தாம் படியிலிருந்து உச்சிக்கு

இங்கிலாந்தின் கால்பந்து அமைப்பு ஓர் ஏணியைப் போன்றது. உச்சிப்படி பிரீமியர் லீக். அதற்கு அடுத்த படி சாம்பியன்ஷிப். இவ்விரண்டாம் படியில் 24 அணிகள் உள்ளன. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 46 ஆட்டங்கள் ஆட வேண்டும். முதலிரண்டு அணிகள் நேரே மேலேறும்; அடுத்து வரும் சில அணிகள் தமக்குள் மோத, வெல்லும் அணி மட்டும் மேலேறும். கடைசி மூன்றும் கீழிறங்கும்.

தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற லூட்டன் நகரின் அணி, 2009இல் ஐந்தாம் படிக்குச் சரிந்தது. 2013இல் அங்கு வந்து சேர்ந்த இளைஞர் பெல்லி ரடக் எம்பான்சு, அணி படிப்படியாக ஏறிய ஆண்டுகளில் அதைவிட்டு அகலவே இல்லை.

2022–23 பருவத்தில் லூட்டன் சாம்பியன்ஷிப்பில் மூன்றாமிடம் பெற்றது. மே 27 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த இறுதி மோதலில் கவன்ட்ரி அணியை எதிர்கொண்டது. தொடக்கத்திலேயே அணித்தலைவர் டாம் லாக்கியர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆயினும் தோழர்கள் தளரவில்லை. 1–1 எனச் சமநிலையில் நின்ற ஆட்டத்தைப் பெனால்டி உதைகளில் 6–5 என வென்றனர்.

அடுத்த பருவத்தில் எம்பான்சு பிரீமியர் லீக்கில் ஆடினார். ஐந்தாம் படியிலிருந்து உச்சிவரை ஒரே அணியோடு ஏறிய முதல் வீரர் அவரே. அப்பருவத்தின் முடிவில் லூட்டன் மீண்டும் கீழிறங்கியது. ஆயினும் அவர்கள் ஏறிய படிகளை எந்தத் தோல்வியும் அழித்துவிடாது.