தலைக்கு வந்தது தலைப்பாகையோடு...

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரு பழமொழி உண்டு. குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒழுகும் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் சில்லறைக் காசு சமாச்சாரம். அதை மாற்றுவதற்கான கூலி பல மடங்கு. "இதோ அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொன்னவர் மூன்றாம் நாள் வருவது தனிக்கதை!

இதனால்தான் பொறியியல் படிக்கும் பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வந்ததும், "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே, இந்த மிக்ஸி என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று அம்மா ஆரம்பிக்கிறார். பிள்ளைக்கு என்ட்ரோபி தெரியும். மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்பு பட்டன் இருப்பது தெரியாது. பக்கத்துக் கடையில் எட்டாவது படித்த பையன் அந்தப் பட்டனை அழுத்தி ஓட வைத்துக் கொடுத்து அனுப்புகிறான். வீட்டில் மானம் கப்பலேறுகிறது.

இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு இயந்திரம் எப்படி ஓடும் என்பதை வகுப்பில் விளக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். அது எப்படி நின்றுபோகும் என்பதற்குத் தனிப் பாடம் கிடையாது. வீட்டு ரிப்பேருக்கு இந்த இரண்டாவது பாடம்தான் முக்கியம். அந்தப் பாடத்தின் முதல் வரியும் தமிழில் பழமொழியாகவே இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நல்ல இயந்திரம் எதை எடுத்துக்கொண்டாலும், அதற்குள் ஒரு தலைப்பாகை இருக்கும். விலை குறைந்த, மென்மையான, எளிதில் மாற்றக்கூடிய ஒரு சின்னப் பாகம். ஆபத்து வந்தால் முதலில் அது போகும். அது போவதால் விலை உயர்ந்த பாகம் பிழைக்கும். சில இடங்களில் மனிதரே பிழைப்பார்.

மிக்ஸியையே பாருங்கள். ஜாரின் அடியிலும் மோட்டாரின் தலையிலும் பற்களோடு இருப்பதற்குப் பெயர் கப்ளர். பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர். காய்ந்த மஞ்சள் துண்டு பிளேடில் சிக்கிக்கொண்டால் கப்ளரின் பல் தேய்ந்து உடையும். மோட்டாரின் தண்டு தப்பிக்கும். உடைந்ததைக் கழற்ற ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டார் ஓடும்போது அரைபடும் சுமையே கப்ளரை மேலும் மேலும் இறுக்கும்படி மரை வெட்டியிருப்பார்கள். அதனால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் திசையிலேயே கப்ளரைத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் முறுக்கி, தண்டையே வளைத்தவர்கள் ஏராளம்.

சிவப்பு பட்டனும் தலைப்பாகைதான். சுமை அதிகமாகி மோட்டார் அளவுக்கு மீறிய மின்சாரம் இழுத்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். சில நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் இருப்பதைக் குறைத்துவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷும் இதே ஜாதி. அது உரசிக்கொண்டிருக்கும் செம்புப் பகுதியைவிட மென்மையானது. தான் தேய்ந்து செம்பைக் காப்பாற்றுகிறது. உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சீலிங் ஃபேன் கதை இன்னும் சுவாரசியம். வாங்கிய புதிதில் பறந்த ஃபேன் சில வருடங்களில் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் தூங்கி வழியும். பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர். சாதாரண வீட்டு ஃபேனில் அதன் அளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று மேலேயே அச்சடித்திருக்கும். அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் உலோகப் பூச்சு இருக்கிறது. மின்னழுத்தம் ஏறி எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி ஓட்டை தனிமைப்பட்டுவிடும். கண்டென்சர் உயிர் பிழைக்கும், ஆனால் கொள்ளளவு துளி குறையும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே தின்று வாழ்கிறது அது. ஃபேன் மெதுவாகிப்போவதன் காரணம் இதுதான்.

மாற்றுவது சுலபம். ஆனால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறக் கூடாது. சில வீடுகளில் சுவிட்சைத் தவறாக நியூட்ரலில் இணைத்திருப்பார்கள். அணைத்த பிறகும் ஃபேன் வரை கரண்ட் இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, "பெரிசா போட்டா வேகமா சுத்தும்" என்று 2.5க்குப் பதிலாக 4 போடும் யோசனை. காற்று கூடுதலாக வருகிறதோ இல்லையோ, காயில் சூடாகிக் கருகும். போன தலைப்பாகைக்குப் பதிலாக இரும்புக் கவசம் போட்டால், அடி நேராகத் தலையில் இறங்கும்.

வீட்டு ரிப்பேரில் உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவரால் பெரும்பாலும் திருகு மழுங்கும், அவ்வளவுதான். "இது அடிக்கடி போகுது, கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுடலாம்" என்று நினைப்பவரால் வீடே எரியும்.

பழைய வீடுகளின் பீங்கான் ப்யூஸ் கட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் போட வேண்டியது அளவான மெல்லிய கம்பி. அது உருகுவதற்காகவே இருக்கிறது. இரண்டு முறை உருகினால் மூன்றாம் முறை ஒயரைச் சீவி, நாலைந்து இழைகளை முறுக்கிப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அதன் பிறகு ப்யூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயரே ப்யூஸ் ஆகிவிடும். பீங்கான் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. வந்தும் புத்தி மாறவில்லை. கோடையில் ஏ.சி. போட்டால் விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் வைக்கிறார்கள். ஒயர் மட்டும் அதே பழைய ஒயர். சரியான வழி சுமையைப் பிரிப்பது, அல்லது தடித்த ஒயர் இழுப்பது. இரண்டுமே தேர்ந்த எலக்ட்ரீஷியன் வேலை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ப்யூஸும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரைத்தான். ஷாக் அடிக்கும்போது மனிதரைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது எந்த ரிப்பேரையும்விட மேலான வேலை.

சமையலறைக்கு வந்தால் பிரஷர் குக்கர். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஏறியதும் வெயிட் தூக்கி விசில் அடிக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால் விசில் வராது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வின் உலோகப் பொட்டு உருகி ஆவியை வெளியே விடும். "இந்த வால்வு நொய்நொய்னு போயிட்டே இருக்கு" என்று அதன் ஓட்டையைத் திருகாணியால் அடைப்பது, குக்கரைக் குண்டாக மாற்றுவதற்குச் சமம். வால்வு போனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தண்ணீர் குறைவாக வைத்தார்களா? குழாய் அடைத்திருந்ததா? சமைக்கும் முன் மூடியை வெளிச்சத்தில் தூக்கி, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு விநாடி போதும். மாற்ற வேண்டுமென்றால் அதே கம்பெனி, அதே மாடலுக்கான வால்வு.

பைக்கிலும் இதே கதைதான். டிரம் பிரேக்கில் பிரேக் ஷூவின் லைனிங், டிரம்மைவிட மென்மையானது. தேய வேண்டியது லைனிங். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று விட்டால் லைனிங் முழுக்கத் தேய்ந்து, உலோகம் உலோகத்தைச் சுரண்டும். டிரம் போகும், அதற்கு முன்பே ஏதாவது ஒரு சிக்னலில் பிரேக் போகும். பல வண்டிகளில் பிரேக் கையருகே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது அது எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஷூ மாற்ற வேண்டும் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தூசியை மட்டும் வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனால், பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் பேட்டரி பக்கத்தில் இருக்கும் ப்யூஸைப் பார்க்கலாம். பல வண்டிகளில் பக்கத்திலேயே ஒரு உபரி ப்யூஸும் வைத்திருப்பார்கள். சாக்லேட் தாளைச் சுற்றி ஓட்டுவது வீரமில்லை. ஒயரிங் மொத்தமும் எரியும், அதற்கு மேல்தான் பெட்ரோல் டேங்க்!

ஆக, ஒரு பொருளைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள். இதில் முதலில் சாக வேண்டிய பாகம் எது? அது இப்போது ஏன் செத்தது? புதிதாகப் போடுவது பழையதன் அதே அளவா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தாராளமாகத் திறக்கலாம். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுவதில் அவமானம் எதுவும் இல்லை. தொடவே கூடாத பொருட்களும் உண்டு. மைக்ரோவேவ் அவனின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். கேஸ் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்ப்பதும் விஷப்பரீட்சை. கேஸ் கசிந்தால் இந்தியா முழுக்க 1906 என்ற எண் இருக்கிறது.

எல்லாப் பலவீனமும் பாதுகாப்புக்காக வைத்ததா என்றால், இல்லை. 1924-ல் ஜெனீவாவில் பெரிய பல்பு கம்பெனிகள் ஒன்றுகூடி ஃபீபஸ் கார்ட்டெல் என்ற கூட்டணி அமைத்தன. பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று நிர்ணயித்து, மீறியவர்களுக்கு அபராதமும் போட்டன. அது விற்பனைக்காக வைத்த பலவீனம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. காப்பதற்காக வைத்த பாகம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், கடையில் தனியாகக் கிடைக்கும், குறிப்பேட்டில் அதன் பெயர் இருக்கும். விற்பதற்காக வைத்ததைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

இன்றைய பொருட்களில் இந்தப் பசை அதிகமாகி வருகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பி.எல்.டி.சி. ஃபேனில் காயிலுக்கு ஒன்றும் ஆகாமலே எலக்ட்ரானிக் போர்டு போய்விடலாம். அப்போது சில ரூபாய் கண்டென்சர் உதவாது, போர்டையே மாற்ற வேண்டும். அதே மாடலுக்கான போர்டு கிடைக்காவிட்டால் ஃபேன் பழைய இரும்புக் கடைக்கு. இதனால்தான் ரிப்பேர் செய்யும் உரிமை என்ற பேச்சு எழுந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24-ம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

சட்டம் உதிரிபாகத்தைக் கடைக்குக் கொண்டுவரலாம். அதைச் சரியாகப் போடும் கையை வீடுதான் உருவாக்க வேண்டும். ஒழுகும் குழாயை இன்னும் இறுக்கி, இன்னும் இறுக்கி, வாஷரை நசுக்கிக்கொண்டிருக்கும் வீடுகளில், தண்ணீரை அடைத்துவிட்டு அதைக் கழற்றி, நைந்துபோன அந்தச் சின்ன ரப்பரைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டலாம். அடுத்த முறை ஏதாவது உடையும்போது, "இது எதைக் காப்பாத்துறதுக்காக உடைஞ்சது?" என்று அந்தப் பிள்ளைகளே கேட்பார்கள்.