இரண்டாம் கட்டில் சிக்னல் இல்லை

அக்டோபர் 9, 2025

ஆத்தாவை மதுரையிலிருந்து காரைக்குடிக்குக் கூட்டி வந்தாச்சு. இடுப்பில் தகடு. வளவு முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்ற இடத்தில் வழுக்கியவள், இப்போது அதே வளவைத் தாண்டித்தான் படுப்பேன் என்கிறாள். இரண்டாம் கட்டில் தன் சொந்த அறை. முன் பக்கம் வேண்டவே வேண்டாமாம். டாக்டர் வீடியோவில் காயத்தைக் காட்டச் சொன்னார். அவர் வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். வைஃபை பெட்டி இருப்பது முகப்பில்.

மாத்திரை நேரம் குறிக்க எடுத்த நோட்டு இது. மற்றதும் இதிலேயே விழுகிறது.

அக்டோபர் 11

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். முகப்பில் கோடுகள் முழுசாக இருக்கின்றன. வளவு திறந்தவெளி, அங்கேயும் பழுதில்லை. நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் நின்றால் பின்தெருக் கதவு வரை பார்வை போகும். சிக்னலும் அந்த வழியாகவே போகிறது. அந்தக் கோட்டை விட்டு ஒதுங்கி ஓர் அறைக்குள் கால் வைத்தால் செத்துவிடுகிறது. சுவர் ஒன்றரை அடிக்கு மேல். செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைத் துளைக்கும் தெம்பு இல்லை. 2.4 மெதுவானது, ஆனாலும் கொஞ்சம் உள்ளே வரும். ஆத்தா அறை வாசலில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் ஒரு எதிரி. பின்னால் பூசிய உலோகப் பூச்சு அலையைத் திருப்பி விடுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். தெருவிலிருந்து பார்ப்பவனுக்கு வீட்டின் நீளம் முழுக்கத் தெரியும், இருபக்கமும் இருக்கும் அறைகளில் ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஜோடிக்கும், ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு. பர்மாத் தேக்குக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் கோணத்தையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 12

தம்பி சிங்கப்பூரிலிருந்து பேசினான்.

"ஆச்சி, அறையில ஒரு கேமரா மாட்டிருவோம். நான் இங்கேருந்தே பாத்துக்குவேன்."

"ஆத்தாவுக்குப் பெட்பேன் வைக்கிறப்பவும் பாப்பியா?"

பதில் இல்லை. பிறகு, இந்த ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராவுக்கெல்லாம் அரசுப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகிவிட்டது, பயமில்லை என்று விளக்கினான். நான் கேட்டது அந்தப் பயம் இல்லை.

அக்டோபர் 15

கேமரா இல்லை, மெஷ் மட்டும் என்று ஒப்புக்கொண்டான். இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டில் பரப்பி வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுப்பது. ஆள் நடக்க நடக்க, போன் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஈரோ 2016இல் இதை வீட்டுச் சாமானாக விற்க ஆரம்பித்தது; 2019இல் அமேசான் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. கூகுளும் 2016இலேயே வந்தது.

ராத்திரி பூராவும் விவரம் படித்தேன். எத்தனை சதுர அடி எட்டும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர்ச் சுவர் கிடையாது. கூகுள் பெட்டிக்குக் கூகுள் கணக்கு வேண்டும், டீக்கோவுக்கு டிபி-லிங்க் கணக்கு வேண்டும். ஆசுஸை எந்தக் கணக்கும் இல்லாமல் பிரவுசரிலேயே அமைத்துவிடலாம். ஆனால் அதிலுள்ள பாதுகாப்பு வசதியைத் திறந்தால், ட்ரெண்ட் மைக்ரோ என்ற கம்பெனிக்குத் தகவல் போகச் சம்மதம் கேட்கும். டிபி-லிங்க்கை அமெரிக்க அரசு ஆராய்வதாகப் போன டிசம்பரில் செய்தி வந்தது. அமெரிக்கா யாரைத்தான் சந்தேகப்படவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

கணக்கு கேட்காத பெட்டியே போதும் என்று தம்பிக்கு எழுதினேன். "ஆர்டர் போட்டாச்சு ஆச்சி, கணக்கு என் மெயில்லயே இருக்கட்டும், உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்."

அக்டோபர் 20

தீபாவளி. ஆத்தா வெள்ளைப் பணியாரம் ஒன்றரை சாப்பிட்டாள்.

அக்டோபர் 24

வயர்மேன் வந்தார். பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். நடுவில் ஒரு லேன் வயர் இழுத்தால் அந்த நஷ்டம் இல்லை. அவர் டிரில்லை எடுத்ததும் உள்ளே இருந்து ஆத்தா கத்தினாள். கத்தினதில் நியாயம் உண்டு. முட்டைப் பூச்சு ஒரு இடத்தில் பொரிந்தால் அதே வழவழப்பில் ஒட்டுப் போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசியில் பழைய மின்வயர் போன மரச்சட்டத்தின் மேலேயே, ஓட்டுச் சரிவுக்குக் கீழே, வளவைச் சுற்றிக் கொண்டுபோனோம்.

"ரெண்டாவது பெட்டிக்கு இதுதான் ஆச்சி சரியான இடம்" என்று அவர் காட்டியது, மலேசியாவில் இருக்கும் பங்காளியின் பூட்டிய அறை. எனக்குத் தெரிந்து அந்தப் பூட்டில் யாரும் கை வைத்ததில்லை. பெட்டியை ஆத்தாவின் அறை நிலைக்கு மேலே வைத்தோம்.

"என்னத்தா, பச்சையா எரியுது, பாக்குதா?"

"பாக்கலை ஆத்தா. நெட்டு குடுக்குது."

"சும்மாவா குடுக்கும்?"

வட்டிக் கடை பார்த்த வம்சம்.

அக்டோபர் 25

டாக்டர் காயத்தைத் தெளிவாகப் பார்த்தார். தையல் நன்றாக ஆறியிருக்கிறதாம். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 3

காலையில் தம்பி. "ஆத்தா ஏன் ராத்திரி தூங்கலை?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஆப்பில் இருக்கிறதாம். எந்தப் போன், எந்தப் பெட்டியில், எந்த மணிக்கு, எவ்வளவு. இரண்டு மணிக்கு மேல் ஆத்தா போனில் நானூறு எம்பி ஓடியிருக்கிறது. எனக்கும் அனுமதி அனுப்பினான், நீங்களும் கவனிச்சுக்கங்க என்று. ஆப்பைத் திறந்தேன். என் லேப்டாப், என் போன், துணைக்கு இருக்கும் அக்காவின் போன், எல்லாம் பெயரோடு வரிசையாக நின்றன. அக்கா மத்தியானம் மூன்று மணிக்கு சீரியல் பார்க்கிறாள் என்பது எனக்கு இனி எப்போதும் தெரியும்.

அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 5

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஆத்தா அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி, மூச்சு வாங்க. விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. யாரோடு? பினாங்கில் ஒரு சிநேகிதி உண்டு, அங்கே அப்போது விடியற்காலம். அவளாக இருக்கலாம். கோயில் பிரசங்கமாகக்கூட இருக்கலாம். கேட்கவில்லை.

தம்பியிடம், வலியில் விழித்திருப்பாள் என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 16

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் இந்த வாரம் அறிவிப்பாகிவிட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. சட்டம் வந்தது 2023இல். விதிகள் வர அதற்கப்புறம் இரண்டு வருஷம் பிடித்தது. கம்பெனிகளைக் கேள்வி கேட்கும் பிரிவுகளில் பெரும்பாலானவை நடைமுறைக்கு வர இன்னும் பதினெட்டு மாதம்.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது: ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இருக்க வேண்டிய விலக்குதான். இல்லையென்றால் கல்யாண ஆல்பத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிய வேண்டும். ஆக, பெட்டி விற்றவனை ஒருநாள் தட்டிக் கேட்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் அக்கறையுள்ள மகனை இந்தச் சட்டம் தொடாது. நானும் அந்த விலக்குக்குள்தான் வருகிறேன்.

நவம்பர் 22

தம்பிக்கு இன்னொரு யோசனை. கேமரா வேண்டாமாம், வைஃபையே ஆள் நடமாட்டத்தைச் சொல்லுமாம். விளையாட்டில்லை. அறையில் உடம்பு அசைந்தால் அலை போகும் பாதை மாறும், பெட்டி அந்த மாற்றத்தைப் படிக்கும். லிங்க்ஸிஸ் 2019இலேயே இந்த வசதியை விற்றது. இப்போது 802.11பிஎஃப் என்று இதற்கென்றே ஒரு தரவிதி வந்திருக்கிறது. "படம் இல்லை ஆச்சி, அசைவு மட்டும்தான். விழுந்தா உடனே தெரியும்."

அவன் மேல் கோபப்பட முடியவில்லை. அன்றைக்கு ஆத்தா விழுந்து அரைமணி நேரம் வளவில் கிடந்திருக்கிறாள்.

ஆத்தாவிடமே கேள் என்றேன். கேட்டிருக்கிறான். "நான் பொரண்டு படுத்தாலும் உனக்குத் தந்தி வருமா?" என்றாளாம். சம்மதமா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

நவம்பர் 27

வாக்கரில் கதவு வரை.

டிசம்பர் 1

வாக்கரில் வளவு வரை வந்தாள். ஆப்பில் ஆத்தா போன் நேற்று 2.20 முதல் 3.05 வரை, அதற்கு முந்தின நாள் ஒன்றுமில்லை.

ரீசெட் துளையில் ஊசியை அழுத்திப் பிடித்தால் பெட்டி யார் கணக்கிலும் இல்லாமல் போகும் என்று வயர்மேன் சொன்னார். அப்புறம் புதிதாக அமைக்க இன்னொரு கணக்கு வேண்டும், அது என் பெயரில் இருக்கும். தம்பி பிள்ளையார் நோன்புக்கு டிக்கெட் போட்டுவிட்டான். வந்ததும் மூன்றாவது பெட்டியைக் கொல்லைப் பக்கம் வைக்கலாம் என்கிறான். ஆத்தா நடந்தால் அங்கேயும்தான் போவாள். யோசிக்கிறேன் என்று எழுதினேன்.

வாக்கரின் கால் ரப்பர் தேய்ந்துவிட்டது. நாளை செக்காலை ரோட்டில் கேட்க வேண்டும்.