முடியல சார்

எட்டு வருஷம் நிம்மதியாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவனை 2004-ல் ஒருநாள் கூப்பிட்டு, 'இனிமேல் நீங்கள் மேனேஜர், பதினோரு பேர் உங்கள் பொறுப்பு' என்றார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறியது. ரத்த அழுத்தம் நிறையவே ஏறியது. கம்ப்யூட்டர் தகராறு செய்தால் எத்தனையாவது வரியில் என்று அதுவே சொல்லிவிடும். மனுஷன் சொல்வானா?

இந்தக் கவலை கம்பெனிக்கும் இருந்திருக்கிறது. என்னைப் போன்ற புது மேனேஜர்கள் முப்பது பேரைத் திரட்டி, ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள் எமோஷனல் இன்டலிஜென்ஸ். மறுநாள் என்.எல்.பி. விரித்துச் சொன்னால் நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங். கடைசி வார்த்தையைக் கேட்டதும், அட, நம்ம சங்கதி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் நாளில் எனக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாடு மட்டும்தான். ஏன் அப்படி என்று பிறகு புரிந்தது. இரண்டாம் நாள் சுவாரஸ்யம். எதிரில் இருப்பவர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ அப்படியே நீங்களும் உட்காருங்கள், அவர் மெதுவாகப் பேசினால் நீங்களும் மெதுவாகப் பேசுங்கள், காரணம் தெரியாமலே அவருக்கு உங்களைப் பிடித்துப்போகும் என்றார் பயிற்சியாளர். மனிதர்களில் கண்ணால் யோசிப்பவர்கள், காதால் யோசிப்பவர்கள், தொட்டு உணர்ந்து யோசிப்பவர்கள் என்று மூன்று ஜாதியாம். வலது கைப் பழக்கம் உள்ள ஒருவர் தன் வலப்பக்கம் மேலே பார்த்தபடி பதில் சொன்னால், நடக்காததை ஜோடிக்கிறார் என்று அர்த்தமாம். நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். டெஸ்டிங் பார்க்கும் பெண் வந்து உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். நானும் வைத்துக்கொண்டேன். அவள் முன்னால் சாய்ந்தாள். நானும் சாய்ந்தேன். அவள் பின்னால் போனாள். நானும். மூன்றாவது தடவை, "சார், பல் வலியா?" என்று கேட்டாள்.

அடுத்தவன் ரிப்போர்ட் மாட்யூல் எழுதுகிறவன். "முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்லும்போது அவன் கண் சரியாக வலது மேல் மூலைக்குப் போனது. மாட்டினான் என்று ராத்திரி எட்டரை மணி வரை உட்காரவைத்து வரிவரியாகப் பார்த்தேன். நிஜமாகவே முடித்திருந்தான். அவன் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. எட்டு இருபதுக்குக் கம்பெனி பஸ்.

நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி அல்ல. மூன்றாவதாக ஒரு பையன். கோவில்பட்டி பக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்த ரின்யூவல்ல ஒரு எடம் முடியல சார்" என்றான்.

நான் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்ப முடியும்?" என்றேன்.

கொஞ்சம் நின்றான். "நாளைக்கு முடிஞ்சிரும் சார்" என்றான். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். அதாவது, நான் நிமிர்ந்தபோது.

எங்கள் ப்ராஜெக்ட் அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கானது. பாலிசி முடிகிற தேதிக்கு 45 நாள் முன்னால், புதுப்பிக்கச் சொல்லி வாடிக்கையாளருக்குக் கடிதம் போகவேண்டும். அதற்கான புரோகிராம் தினம் ராத்திரி தானாக ஓடும். ஜனவரி முதல் வாரத்தில் ஒப்படைத்தோம். கேக் வெட்டினோம். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள்.

2004 லீப் வருஷம். பிப்ரவரி 29-ம் தேதி பாலிசி எடுத்தவர்களுக்கு அடுத்த வருஷம் எந்தத் தேதியில் புதுப்பிப்பது? 2005-ல் பிப்ரவரி 29 கிடையாது. 28-ஆ, மார்ச் 1-ஆ? பிப்ரவரி 28-லிருந்து 45 நாள் பின்னால் போய்ப் பாருங்கள். ஜனவரி 14-ல் நிற்பீர்கள். பொங்கல் லீவில் ஒரு காலை, நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. புரோகிராம் அந்த பாலிசிகளில் இடித்து நின்றுவிட்டது. அன்றைக்குப் போகவேண்டிய மற்றக் கடிதங்களும் போகவில்லை.

அந்தப் பையனுக்கு போன் செய்தேன். என்ன பேசினேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொங்கல் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்காமல், பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தபடி சென்னை வந்து சேர்ந்தான். அன்று மாலை ஏழரை மணிக்கு, அங்கே காலை ஒன்பது, அமெரிக்காக்காரர்களிடம் கேட்டேன்: 28-ஆ, மார்ச் 1-ஆ? "28" என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. நாலு செகண்ட் ஆகியிருக்கும். பிறகு கேட்டார்: "இதை ஏன் முன்னாலேயே கேட்கவில்லை?"

ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு கவர். ராஜினாமா. தட்டச்சுப் பிழையில்லாத இங்கிலீஷ். அவனைக் கூட்டிக்கொண்டு எதிர்ச் சரகத்து டீக்கடைக்குப் போனேன். யார் மாதிரியும் சாயவில்லை, கன்னத்தில் கை வைக்கவில்லை. பென்ச்சில் இடமில்லாமல் இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

"டிசம்பர்ல வந்து முடியலன்னு சொன்னியேப்பா. எது முடியல?"

"எந்தத் தேதி போடறதுன்னு முடிவு பண்ண முடியல சார். அது நான் முடிவு பண்ற விஷயம் இல்லியே. கிளையன்ட்டத்தான கேக்கணும்."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்கு முந்தின வாரம் அக்கா ஒருத்தங்க பிரீமியம் கணக்குல சந்தேகம் கேட்டாங்க. நீங்க 'இதுகூடத் தெரியாமதான் ஆறு மாசமா உக்காந்திருக்கியா'ன்னீங்க. நான் அடுத்த கேபின்ல இருந்தேன் சார்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

தமிழில் இந்த 'முடியல' இருக்கிறதே, பொல்லாத வார்த்தை. வேலை முடியல என்றால் இன்னும் பூர்த்தியாகவில்லை. என்னால முடியல என்றால் இயலவில்லை. உடம்புக்கு முடியல என்றால் லீவு லெட்டர். மூன்றுக்கும் ஒரே சத்தம். பையன் இரண்டாவதைச் சொன்னான். நான் முதலாவதைக் கேட்டேன். டெட்லைன் நெருங்குகிற மேனேஜருக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் கேட்கும் போலிருக்கிறது. 'முடிஞ்சிரும்' அதைவிட மோசம். யார் முடிப்பார்? சொல்லவில்லை. 'டெஸ்டிங் ஆயிட்டிருக்கு', 'பேசியாச்சு', 'பாத்துக்கலாம்'. நம் ஆபீஸ் தமிழில் வேலைகள் தாமாகவே நடக்கின்றன, மழை பெய்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், இதைத்தான் அந்த இரண்டாம் நாள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோட்டை எடுத்துப் புரட்டினால், கண்ணசைவுப் படத்துக்குக் கீழே இரண்டே வரியில் இருந்தது. கோடு போடவில்லை.

என்.எல்.பி. 1970-களில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரிச்சர்ட் பாண்ட்லர் அங்கே மாணவர். ஜான் கிரிண்டர் மொழியியல் ஆசிரியர். வர்ஜீனியா சடிர், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் போன்ற பேர்பெற்ற மனநல சிகிச்சையாளர்கள் தங்களிடம் வருபவர்களை எப்படிப் பேசவைத்தார்கள் என்று இருவரும் கூர்ந்து ஆராய்ந்தார்கள். 1975-ல் வந்த அவர்களுடைய முதல் புத்தகத்தின் விஷயம் இதுதான்: மனிதர்கள் பேசும்போது விஷயத்தில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள், சிலதைப் பொதுப்படையாக்கிவிடுகிறார்கள், சிலதைத் திரித்துவிடுகிறார்கள். விழுங்கியதைக் கேட்டு வாங்கவேண்டும். 'எல்லாருமே எதிர்க்கறாங்க' என்றால், யார் யார்? 'அவங்க எப்பவும் லேட்' என்றால், எப்பவுமா? 'முடியல' என்றால், எது? இதற்கு மெட்டா மாடல் என்று பெரிய பெயர். எங்கள் பாட்டி வாசலில் கீரைக்காரியிடம் இதே கேள்விகளைத்தான் கேட்பாள்.

மற்ற சமாசாரங்கள் பரீட்சையில் அவ்வளவு நன்றாகத் தேறவில்லை. அமெரிக்க ராணுவம் கேட்டுக்கொண்டதன்பேரில் அங்குள்ள தேசிய ஆராய்ச்சி கவுன்சில் இதுபோன்ற உத்திகளை எல்லாம் ஆராய்ந்து 1988-ல் அறிக்கை கொடுத்தது. என்.எல்.பி. வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் அநேகமாக இல்லை என்றார்கள். கண்ணசைவுக்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை என்று பிரிட்டனில் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012-ல் சோதித்துச் சொன்னார்கள். எட்டு இருபது பஸ்ஸைத் தவறவிட்டவன் அதை எட்டு வருஷம் முன்பே சொல்லியிருப்பான்.

முதல் நாள் வகுப்பு ஏன் மனதில் தங்கவில்லை என்றேன் அல்லவா? அது அடுத்தவரைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. அதனால்தான். எமோஷனல் இன்டலிஜென்ஸ் என்ற பெயரில் பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும் 1990-ல் கட்டுரை எழுதினார்கள். 1995-ல் டேனியல் கோல்மன் என்ற பத்திரிகையாளர் அதே தலைப்பில் புத்தகம் போட்டு உலகம் முழுக்கப் பரப்பினார். கோல்மன் போடுகிற பட்டியலில் முதலில் வருவது அடுத்தவர் மனதைப் படிப்பது அல்ல. தனக்கு இப்போது என்ன உணர்ச்சி வந்திருக்கிறது என்று தனக்குத் தெரிவது.

எனக்குத் தெரியவில்லை. எனக்கு வருவது கோபம் என்றே நினைத்திருந்தேன். டீக்கடையிலிருந்து திரும்பியபின் யோசித்துப் பார்த்தால் அது பயம். எட்டு வருஷம் புரோகிராம் எழுதியவன் ஏழு மாசமாக எழுதவில்லை. அந்தப் பெண் கேட்ட பிரீமியம் சந்தேகத்துக்கு எனக்கே பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், 'இதுகூடத் தெரியாதா' என்று வந்திருக்கிறது. பதினோரு பேரும் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள்: இவரிடம் கேட்கக்கூடாது.

ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்று ஒரு பேராசிரியை. ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து மாற்றிக் கொடுக்கிற தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. அவர் கண்ட காரணம், அங்கேதான் பயப்படாமல் வெளியே சொல்கிறார்கள் என்பது. மற்ற இடங்களில் தவறு நடக்காமல் இல்லை. மேலே வந்து சேரவில்லை. 1996-ல் அந்தக் கட்டுரை வெளியானது. கூகுள் கம்பெனி 2012-ல் ஆரம்பித்துத் தன்னுடைய 180-க்கும் மேற்பட்ட குழுக்களை அலசியபோது, ஒரு டீம் நன்றாக வேலை செய்வதற்கு இந்தப் பயமின்மைதான் முதல் காரணம் என்று வந்தது. 2004-ல் எங்கள் ப்ராஜெக்டில் டிசம்பர் மாத ரிப்போர்ட் முழுக்கப் பச்சை நிறம். ஒரு சிவப்புக்கூடக் கிடையாது. அதைக் காட்டி எனக்குப் பாராட்டுகூட வந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, பிப்ரவரி 29 விவகாரத்தில் தப்பு என்னுடையது, பையன் வந்து கேட்டான், நான் கேட்கவிடவில்லை என்று சொன்னேன். பிரீமியம் கணக்கு எனக்கும் தெரியாது என்றும் சொன்னேன். எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். சட்டை நனைந்துவிட்டது. கைதட்டல் எல்லாம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரீமியப் பெண் மட்டும், "அதை நான் கிளையன்ட் மெயில் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன் சார். எழுதித் தரட்டுமா?" என்றாள். தந்தாள்.

அந்தப் பையன் ராஜினாமாவைத் திரும்ப வாங்கவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை. பெங்களூரில் ஒரு வேலை தயாராக இருந்தது. கல்விக் கடன் இருந்தது. போகிற அன்றைக்கு எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தான். எனக்கு இரண்டு.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டு மாசத்துக்குப் பச்சை, பச்சை என்றுதான் ரிப்போர்ட் வந்தது. நானும் 'எது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சில நாள் கேட்கிற தொனியே போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். டெஸ்டிங் பெண் ஜாடை காட்டுவாள். தொனியை இறக்குவேன்.

ஏப்ரலில் ஒருநாள், மணி ஆறே கால். கோடையில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் போன் ஆறரைக்கே. புதிதாகச் சேர்ந்த பெண் கையில் பிரின்ட் அவுட்டோடு வந்தாள்.

"சார், முடியல."

எனக்குக் காது சூடாவது தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"எதும்மா?"

"டைம் பத்தாம இல்ல சார். இந்த எடத்துல அவங்க என்ன கேக்கறாங்கன்னே புரியல."

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.