மலையடிவாரத்தில் ஒரு காற்றுப் படகு

படகு ஒன்றைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பேருந்தில் திருவண்ணாமலைக்குச் சென்றோம் என்று கூறினால் வாசகர் நகைக்கக்கூடும். கடலும் இல்லை, பேராறும் இல்லை. மலையும் கோயிலும் உள்ள ஊர் அது. நடத்துநரும் நகைக்கவே செய்தார். "பையிலே என்னங்க, கூடாரமா?" என்று வினவினார். "படகு" என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுமைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கனடாவில் பணிபுரியும் எங்கள் மருமகன், தமக்கையின் மகன், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த பொருள் அது. காற்றடைத்து மிதக்கவிடும் 'கயாக்' படகு. கயாக் என்பது வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டி அமைத்த ஒடுங்கிய படகு. இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பால், இடமும் வலமும் மாற்றி மாற்றி அதனைச் செலுத்துவர். மரச்சட்டத்திற்குப் பதிலாகக் காற்றை வைத்தால் இப்போதைய படகு கிடைத்துவிடுகிறது. எடை 15 கிலோ, விரித்தால் நீளம் பதினோரு அடி, இருவர் அமரலாம்.

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் ரமணாசிரமத்துக்கு அருகில் தங்குவதென்பது முன்பே முடிவு செய்திருந்தது. "அங்கே ஏரி இருக்கிறதே மாமா" என்றான் மருமகன். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகனுக்கு அது போதுமானதாயிற்று.

செங்கம் சாலையில், பெரிய கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், மலையின் தென் அடிவாரத்தில் ஆசிரமம் இருக்கிறது. 1896-ஆம் ஆண்டில் பதினாறு வயதுச் சிறுவனாக இவ்வூருக்கு வந்த ரமணர், 1922-இல் தாயார் மறைந்து இவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின்னர், மலைமீதிருந்து இறங்கி வந்து 1950-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். கூரைமேல் மயில்கள் நடக்கின்றன. சாலையோரக் கடைகளில் தேநீருக்குக் காத்து நிற்போருள் அயல்நாட்டவரே பாதிப் பேர் இருப்பர் போலும்.

ஆசிரமத்துக்குத் தென்மேற்கே சிறிது தொலைவு நடந்தால் சமுத்திரம் ஏரி. கடலைக் கண்டறியாத ஓர் அரசமாதேவிக்குக் கடல் இத்தகையது என்று காட்டவே இதனை வெட்டுவித்தார்கள் என்றும், பெயர் அதனால் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. மழை பொய்த்த ஆண்டில் இக்கதையைக் கேட்போர் சிரிப்பர். நாங்கள் சென்றது வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்த ஆண்டு. நீர் விரிந்து கிடந்தது; அதில் மலை தலைகீழாக நின்றது.

இத்தகைய ஏரிகளைக் கண்டவுடன் படகை இறக்கிவிடலாகாது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். மீன்பிடி உரிமை தனியே குத்தகைக்குப் போயிருக்கும். ஆதலால் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை அணுகிக் கேட்டோம். அவர் குத்தகைதாரருக்குத் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுவிட்டு, "வலைப் பக்கம் வராம இருந்தா சரி" என்று கூறினார்.

அப்பெரியவரின் சொந்தக் கலம் அருகிலேயே கிடந்தது. காற்றடைத்த லாரி டியூப். அதன் நடுவில் பழைய சாக்கைக் கயிற்றால் பின்னிய இருக்கை. அதில் அமர்ந்து, கையளவான இரண்டு பலகைத் துண்டுகளால் நீரைத் தள்ளிக்கொண்டு அவர் வலை விரிக்கச் செல்வார். நம் ஏரிகளில் பல்லாண்டுகளாகப் புழங்கும் காற்றுப் படகு இதுவேயன்றோ? பஞ்சாபின் சட்லெஜ், பியாஸ் ஆறுகளில் ஊதிய எருமைத்தோலின்மேல் படுத்து மக்கள் கடந்ததும், நம் கோயில்கள் பலவற்றில் வெற்றுப் பீப்பாய்களின்மேல் தெப்பம் மிதப்பதும் இதே உபாயந்தான். ஆங்கிலேயக் கடற்படையைச் சேர்ந்த பீட்டர் ஹால்கெட் என்பவர் 1840-களில் ரப்பர் பூசிய துணியால் ஒரு மேலங்கி தைத்தார். வேண்டியபோது அதனை ஊதினால் படகாகும். குடையைப் பிடித்தால் பாயாகும். வேடிக்கையாகத் தோன்றினாலும், வடதுருவப் பயணிகள் அதனை மெய்யாகவே கொண்டு சென்றனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1952-இல் பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பார் காற்றடைத்த ரப்பர் படகில் தன்னந்தனியராக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார்.

இவற்றையெல்லாம் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. தை மாதக் காலையில் வீசுவது வாடைக் காற்று. வடக்கிலிருந்து, மலைப்பக்கமிருந்து வருவது. நாங்கள் படகை இறக்கியதோ ஏரியின் வடகரையில். கரை ஓரம் நீர் கண்ணாடி போலிருந்தது. மலையும் மரங்களும் காற்றை மறைத்ததால் உண்டான அமைதி அது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு இளைஞர் இருவரும் புறப்பட்டனர். மருமகன் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருந்தான். எங்கள் மகன் "புழுக்கமாக இருக்கிறது" என்று தன்னுடையதைக் கழற்றி இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டான். அதனை நாங்கள் கண்டோம், கண்டும் வாளாவிருந்தோம். இதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல வழியில்லை.

இருநூறு அடி சென்றதும் படகு தானாகவே விரைவது போலத் தோன்றியது. முதலில் கைதட்டினோம். ஒன்பது மணியளவில் அவர்கள் திரும்ப முயன்றபோதுதான் காற்றின் வலிமை புலப்பட்டது. படகின் முகம் காற்றில் பட்டதும் அது ஆலிலைபோலச் சுழன்றது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் துடுப்பு வலித்தனர், மேலும் சுழன்றது. கரையிலிருந்து நாங்கள் கூவியது அவர்கள் செவியில் விழவில்லை. படகு சிறுத்துக்கொண்டே தென்புறம் சென்றது. வீட்டம்மா செபமாலையை எடுத்துவிட்டார்கள். அந்த இருபது நிமிடத்தை எப்படிக் கழித்தோம் என்பதை எழுதுவதற்கு இப்போதும் கை ஓடவில்லை.

பெரியவர் ஒன்றும் பேசாமல் டியூபைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு ஏரியோரமாக ஓடினார். நீரில் இறங்கி எதிர்நீச்சல் போடவில்லை. படகு எங்கே சென்று சேரும் என்பதை அறிந்து அங்கே சென்றார். நீருக்குள் நின்ற கருவேல மரங்களுக்கிடையே படகு மாட்டியிருந்தது. முள் ஏறி வலப்புறக் காற்றறை தொய்ந்துவிட்டது. இடப்புறமும் அடித்தளமும் காற்றோடு இருந்தபடியால் அது மூழ்கவில்லை. டியூபில் மிதந்து சென்று முன்முனைக் கயிற்றைப் பற்றி, கழுத்தளவு நீர்வரை இழுத்து வந்து, பின்னர் நடந்தே அவர்களைக் கரை சேர்த்தார். பையன்கள் இருவரும் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து வந்தனர்.

"காத்தை எதிர்த்துப் போகணும் தம்பி. போறப்ப கஷ்டமா இருக்கணும். களைச்சுப் போனா காத்தே திருப்பிக் கொண்டாந்து விட்டுடும். நீங்க தலைகீழா செஞ்சிட்டீங்க" என்றார் பெரியவர். வாடை வீசும் பருவத்தில் தென்கரையிலும், தென்றல் வீசும் பருவத்தில் வடகரையிலும் இறங்குவது அவர் வழக்கமாம். காற்றுப் படகு நீருக்கு மேல் உயர்ந்தும், எடை குறைந்தும் நிற்பது. ஆதலால் மரப்படகை அசைக்காத காற்றும் இதனை அடித்துச் செல்லும்.

அன்று மாலை விடுதியின் மொட்டை மாடியில் படகை விரித்துப் பழுது பார்த்தபோது, வாங்குமுன் எதையெதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. எங்கள் பங்கிலும் இளைஞர் சிலர் இத்தகைய படகொன்றைப் பொதுவில் வாங்க எண்ணியிருப்பதால் சற்று விரித்தே கூறுகிறோம்.

குழந்தைகள் குளிக்கும் தொட்டிக்கென விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் படகுகளும் படத்தில் பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். அவை விளையாட்டுப் பொருள்கள். ஏரிக்கு வேண்டியது, நெய்த துணியை நடுவில் வைத்து இருபுறமும் பி.வி.சி. பூசிய கனத்த தார்ப்பாய் போன்ற பொருளால் ஆனது. நகத்தால் கீறிப் பார்த்தாலே வேற்றுமை தெரியும். நம் நாட்டு ஏரிகளில் பாறையைவிட முள்ளே பகை. சீமைக்கருவேலும் கருவேலும் இல்லாத ஏரிப் படுகை எங்கே இருக்கிறது? அடுத்து, தனித்தனிக் காற்றறைகள் மூன்றேனும் இருத்தல் வேண்டும். அன்று மகனைக் காத்தது அதுவே. எங்கள் பெரியவரின் டியூபுக்கு ஒரே அறை. அதைச் சொன்னபோது, "எனக்கு நீச்சல் ரெண்டாவது அறை" என்றார்.

படகின் அடியில், பின்புறத்தில், மீனின் துடுப்பு போன்ற ஒரு தகடு பொருத்துவதற்கு இடம் உண்டு. படகு சுழலாமல் நேரே செல்வதற்கு அதுவே துணை. களைச்செடியில் சிக்குகிறதென்று அதனைப் பையிலேயே விட்டுவந்தது எங்கள் பிழைகளுள் மற்றொன்று. அடித்தளத்தில் துளைகள் இட்டு, புகுந்த நீர் தானே வடியுமாறு செய்த படகுகளும் கிடைக்கின்றன. அவை பாறையில் மோதிப் பாயும் ஆறுகளுக்கானவை. ஏரியில் அமர்ந்திருப்பவரை நனைப்பதன்றி அவற்றால் பயனில்லை. படகு அகலமாகையால் துடுப்பு ஏழரை அடிக்குக் குறையாதிருப்பது நலம். குட்டையான துடுப்பு கையைப் படகின் விளிம்பில் உராயச் செய்யும். எத்தனை எடை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதிருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

காற்றைப் பற்றி ஒரு சொல். மிதிவண்டி டயரை அமுக்குவதுபோல அமுக்கிப் பார்த்து நிறைத்துவிடலாம் என்று கருதுதல் தவறு. பக்கவாட்டுக் குழாய்கள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு அளவே காற்று ஏற்பவை. இழைகளால் மேலும் கீழும் பிணைத்த கெட்டியான அடித்தளம் மட்டும் ஆறு முதல் பத்து வரை தாங்கும். காலையில் 25 பாகை வெப்பத்தில் இரண்டு பவுண்டு அடைத்த குழாயை வெயிலில் கிடத்தி, அது 55 பாகைக்குச் சூடேறினால், உள்ளிருக்கும் காற்று மூன்றரைப் பவுண்டையும் தாண்டி நெருக்கும். ஒட்டிய விளிம்பு பிரியும். ஆகவே கரையேறியவுடன் சிறிது காற்றைத் திறந்துவிட்டு நிழலில் வைக்க வேண்டும். நீரில் இறக்கியதும் குளிர்ந்து தளருமாகையால் மீண்டும் சிறிது அடைக்க வேண்டும். அழுத்தம் காட்டும் கருவியோடு கூடிய கைப்பம்பே இதற்கு ஏற்றது.

ஓட்டை அடைக்கப் பஞ்சர் கடைக்குத்தான் முதலில் ஓடினோம். கடைக்காரர் தடவிப் பார்த்து, "இது ரப்பர் இல்லீங்க, நம்ம பேட்ச் பிடிக்காது" என்று நேர்மையாகக் கூறிவிட்டார். பி.வி.சி.க்கென உள்ள பசையும், அதே பொருளின் துண்டும் படகோடு வந்திருந்தன. துண்டை வட்டமாக வெட்டுதல் வேண்டும். மூலை இருந்தால் அதிலிருந்து உரியும். ஓர் இரவு முழுதும் அதன்மேல் அம்மிக் குழவியை வைத்திருந்தோம். நன்றாக உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும் என்பதோடு, எலிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் நம் வீடுகளுக்காகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னும் எங்கே இறக்கலாகாது என்பது எஞ்சி நிற்கிறது. இவ்வூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் சென்றால் தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை இருக்கிறது. அழகிய நீர்ப்பரப்பு; முதலைகளும் உண்டு. அங்கே முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்க. ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் நீர் நிறைந்த பின் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழங்கால் நீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் மறைந்துவிடக்கூடும். வெள்ளத்திலோ இதனை நினைக்கவே கூடாது. 2024 டிசம்பர் முதல் நாட்களில், ஃபெஞ்சல் புயலின் மழையில் இம்மலைச் சரிவு இடிந்து அடிவாரத்து வீட்டில் எழுவர் மாண்டனர். சாத்தனூரிலிருந்து திறந்துவிட்ட நீர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களைச் சூழ்ந்தது. வெள்ளத்தில் மீட்புப் படையினர் செலுத்தும் ரப்பர் படகு மோட்டார் பூட்டியது, பயிற்சி பெற்றோர் கையில் இருப்பது. நம்முடையது அமைதியான நீருக்கு.

மூன்றாம் நாள் விடியலில் மீண்டும் சென்றோம். இம்முறை தென்கரை. தகடு பொருத்தியாயிற்று. மேலங்கியின் வார்களை மகன் தானே இறுக்கிக்கொண்டான். எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரையிலிருந்து எறியும் தூரம் வரை முதலில் சுற்றினர். பின்னர் வாடையை எதிர்த்து மெல்ல மெல்ல மலையை நோக்கி வலித்தனர். நடு ஏரிக்குச் செல்லுமுன்பே துடுப்பை மடியில் வைத்துவிட்டு இருவரும் அசையாது அமர்ந்தனர். காற்று அவர்களைச் சிறிது சிறிதாக எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பிறகு நாங்களும் ஏறிக்கொண்டோம். வீட்டம்மாவுக்கு முதலில் அச்சம். பின்னர் இறங்க மனமில்லை.

பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து படகைத் தட்டிப் பார்த்தார். "என்ன விலைங்க?" என்றார். மருமகன் தயங்கி, நம் பணத்தில் கணக்கிட்டுச் சொன்னான். அவர் தம் டியூபைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு நான் பஞ்சருக்குத்தான் குடுத்தேன், முப்பது ரூபா" என்று சொல்லிவிட்டு, மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தார்.